படத்தில் இல்லாத கைகள்

உள்ளங்கைகளின் மீது முகவாயை ஊன்றி, முழங்கைகளைத் தரையில் பதித்து, கால்களை இருபுறமும் மடித்துக்கொண்டு, கண்மூடி உறங்குகிறது பத்து நாள் குழந்தை ஒன்று. தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் எனப் பெருநகரங்களின் புகைப்பட நிலையங்கள் தமது விளம்பரங்களில் முன்னிறுத்தும் படம் இது. தொழில் வட்டாரத்தில் இதற்குத் 'தவளை போஸ்' என்று பெயர். இந்தப் படத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டிய உண்மை, படத்தில் காணும் காட்சி ஒருபோதும் நடக்கவில்லை என்பதுதான். பத்து நாள் குழந்தையால் தன் தலையின் பாரத்தைத் தன் கைகளில் தாங்க முடியாது. முறையாகப் பணிசெய்யும் ஸ்டூடியோக்களில், உதவியாளர் ஒருவர் குழந்தையின் உச்சந்தலையைப் பிடித்திருக்கும்போது ஒரு படமும், அதன் மணிக்கட்டுகளைப் பிடித்திருக்கும்போது இன்னொரு படமும் எடுக்கப்படுகின்றன. பின்னர் இரண்டும் கணினியில் ஒன்றாக்கப்பட்டு, தாங்கிய கைகள் அழிக்கப்படுகின்றன.

துணியில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டதுபோல் காட்டப்படும் குழந்தையும் அவ்வாறே உருவாக்கப்படுவதுதான். துணிமூட்டை தரையிலோ மெத்தையிலோ இருக்கும். அதன் முடிச்சை ஒருவர் பிடித்திருப்பார். கிளை வேறொரு படத்திலிருந்து வந்து சேரும்.

பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பான மகிழ்ச்சி. அதைக் குறை கூறுவதற்கு ஏதுமில்லை. ஆனால் பிறந்து 5 முதல் 14 நாட்களுக்குள் குழந்தையைக் கொண்டுவந்துவிட வேண்டும், அதன் பிறகு இந்தப் போஸ்களில் அதைக் கிடத்த முடியாது என்று ஒரு சந்தை கெடு விதிக்கும்போது, அந்தப் பதினான்கு நாட்களில் குழந்தைக்கும் தாய்க்கும் உண்மையில் என்ன தேவை, அதை யார் தருகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. அது ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட விருப்பத்தோடு முடிந்துவிடுகிற கேள்வி அல்ல.

தலை நிற்காத பருவம்

பச்சிளங்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகள் இன்னும் வலுப்பெறாதவை. மூச்சுக்குழாய் குறுகியது, மென்மையானது. முகவாய் மார்பில் படியும்படி தலை கவிழ்ந்தால் அது மடிந்து அடைபடக்கூடும். திணறும் குழந்தை கத்தி அழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஓசையின்றியே மூச்சு தடைபடும். ஒரு சிறு சத்தம் கேட்டாலும் கைகால்களை உதறித் திடுக்கிடும் அனிச்சைச் செயல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பிலோ மரப்பெட்டியின் மேலோ கிடத்தப்பட்ட குழந்தை உறங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்ற நம்பிக்கை நொடியில் பொய்த்துவிடலாம்.

வெப்பத்தைக் காப்பதிலும் அந்த உடல் பலவீனமானது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. பெரியவர்களைப் போல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளவும் இயலாது. 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் என்ற குறுகிய எல்லைக்குள் அதன் உடல் வெப்பநிலை இருக்க வேண்டும். ஸ்டூடியோவிலோ பெரும்பாலான படங்களுக்குக் குழந்தையின் உடைகள் களையப்படுகின்றன. அதை ஈடுசெய்ய ஹீட்டர் வைத்து அறையை 27, 29 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். மழை பொழிவது போன்ற சீரான இரைச்சலை ஒலிக்கவிடுகிறார்கள். வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு வருமாறு தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். குழந்தை அசையாத பண்டம்போல் ஆக வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள் இவை. அனுபவமும் பொறுமையும் உள்ள கலைஞர்கள் குழந்தை அழுதால் நிறுத்துகிறார்கள், பசித்தால் காத்திருக்கிறார்கள், அது ஏற்காத நிலையை வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்தப் பொறுமை அவர்களது நற்குணத்தைச் சார்ந்திருக்கிறது. எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம். அந்த எடை திரும்பக் கிடைக்கப் பத்து நாட்கள், சில குழந்தைகளுக்கு இரண்டு வாரங்கள்கூட ஆகும். தொப்புள்கொடியின் அடித்தண்டு உலர்ந்து விழுவதும் இதே நாட்களில்தான். கக்குவான் இருமலுக்கு எதிரான தடுப்பூசியின் முதல் தவணை இந்தியாவில் ஆறாவது வாரத்தில்தான் போடப்படுகிறது. அதாவது பல குழந்தைகள் வந்துபோகும் அறை, பலர் மாறிமாறித் தூக்கும் கைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பயன்படும் கூடைகளும் கம்பளித் தொப்பிகளும் கொண்ட ஓர் இடத்துக்கு, நோய் எதிர்ப்பு வலு மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் குழந்தை கொண்டுசெல்லப்படுகிறது.

தாயின் நிலையையும் பார்க்க வேண்டும். 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 47.4 சதவீதம் அறுவைப் பிரசவங்கள். இத்தகைய படப்பிடிப்புக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த மருத்துவமனைகளிலிருந்து வருபவை. அப்படியானால் வயிற்றில் தையல் ஆறாத பெண்கள் பலர், ஒரு நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுத்துக்கொண்டு, உறக்கமின்றி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் நீளும் ஒரு படப்பிடிப்புக்கு வந்து அமர்கிறார்கள். படத்தில் அவர்களும் இடம்பெற வேண்டுமென்றால் அலங்காரம் வேறு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகள் இந்தியாவில் 63.7 சதவீதமே என்கிறது அதே ஆய்வு. பால் சுரப்பும் ஊட்டும் பழக்கமும் நிலைபெறும் முதல் இரு வாரங்கள் அந்த ஆறு மாதங்களுக்கும் அடித்தளமானவை. மகப்பேற்றுக்குப் பின் பெண்ணை ஒதுக்கி வைத்த பழைய வழக்கத்தில் தீட்டு என்ற இழிவும், காற்றோட்டமில்லாத அறையும், தண்ணீர்கூட மறுக்கும் மூடத்தனமும் இருந்தன. அவற்றை மீட்டெடுக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. அந்த இழிவைக் களைந்துவிட்டு ஓய்வை மட்டும் உரிமையாக வைத்துக்கொண்டிருக்க வேண்டியது. நடுத்தர வர்க்கத்துக்குச் சந்தை செய்ததோ ஓய்வையும் சேர்த்துக் களைந்தது.

காத்திருந்த கேமராவும் காத்திருக்காத கேமராவும்

இந்தியக் குடும்பங்களின் பழைய ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். குழந்தையின் முதல் ஸ்டூடியோ படம் பெரும்பாலும் அது குப்புற விழுந்து, நெஞ்சை உயர்த்தி, தலையை நிமிர்த்திப் பார்க்கும் பருவத்தில் எடுக்கப்பட்டது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் அரைஞாண், மேசை விரிப்பின் மீது வியப்போடு கேமராவை நோக்கும் நான்கைந்து மாதக் குழந்தை. அந்தப் படத்தில் குழந்தை செய்வதெல்லாம் அது தானாகச் செய்யக் கற்றுக்கொண்டவை. அது தலைநிமிரும்வரை கேமரா காத்திருந்தது. வசதியின்மையும் அதற்கு ஒரு காரணம்தான். ஆயினும் விளைவு நல்லதாகவே அமைந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் புகைப்பட நிலையங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. அன்றைய கேமராக்களுக்கு நீண்ட நேரம் ஒளிபட வேண்டும், குழந்தையோ அசையும். ஆகவே தாய் நாற்காலியில் அமர்ந்து குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொள்வார். அவர் மீது திரைச்சீலையோ கம்பளமோ போர்த்தப்படும். இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு, குழந்தையின் பின்னால் ஒரு மனித உருவம் துணி மூடிக் கிடப்பது திடுக்கிட வைக்கும். திரைச்சீலை செய்த வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அன்றைய பார்வையாளருக்குத் துணியின் அடியில் ஒருவர் இருப்பது தெரிந்தது, இன்றைய பார்வையாளருக்கு எதுவும் தெரிவதில்லை.

இன்றைய பாணிக்கு உலகளாவிய சந்தையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் பணியாற்றிய ஆன் கெடஸ். பூவிதழ்களுக்குள்ளும் பூசணிக்காய்களுக்கு நடுவிலும் குழந்தைகளை வைத்து அவர் எடுத்த படங்கள் 1996இல் வெளியான 'டவுன் இன் தி கார்டன்' தொகுப்பின் வழியாகவும், நாட்காட்டிகள், வாழ்த்து அட்டைகள் வழியாகவும் உலகெங்கும் பரவின. பெரிய குழுவோடும் முன்தயாரிப்போடும் உருவாக்கப்பட்ட அந்தக் காட்சிகளை, கைப்பேசியும் இன்ஸ்டாகிராமும் வந்த பின் ஒவ்வொரு வீட்டிலும் எட்டிவிடலாம் என்று தோன்றச் செய்தார்கள். அபாயம் கூர்மையடைவது இங்கேதான். சில ஆயிரங்களில் தொடங்கிப் பல பத்தாயிரங்களுக்கு உயரும் ஸ்டூடியோ கட்டணத்தைச் செலுத்த முடியாத குடும்பம் அந்தப் படத்தை வீட்டிலேயே எடுக்க முயல்கிறது. சிறு நகரத்தில் திருமணப் படமெடுக்கும் இளைஞர், பருவம் இல்லாத மாதங்களில் பிழைப்பதற்காக இந்த வேலையையும் ஏற்கிறார். இவர்கள் பார்ப்பது இறுதிப் படத்தை மட்டுமே. இரண்டு படங்கள் ஒன்றாக்கப்பட்டதையோ, தலையைப் பிடித்திருந்த கையையோ அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. பெருநகர ஸ்டூடியோ பாதுகாப்பாகச் செய்துவிட்டு மறைத்த ஒன்றை, மாவட்டத் தலைநகரில் ஒருவர் மறைவேதும் இல்லாமல் அப்படியே செய்து பார்க்கிறார்.

இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தனி உரிமமோ, சட்டபூர்வப் பயிற்சித் தகுதியோ கிடையாது. கேமராவும் ஒரு பீன் பேக்கும் இருந்தால் போதும். இதைத் தடை செய்ய வேண்டும் என்பது தீர்வாகாது. தடை என்றால் அது முதலில் விழுவது கடன் வாங்கிக் கேமரா வாங்கிய சிறு கலைஞரின் தலையில்தான். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பிலும் உயிர்காக்கும் முதலுதவியிலும் அடிப்படைப் பயிற்சி, குழந்தையின் கையெட்டும் தொலைவில் எப்போதும் ஒருவர், தாங்கும் கையின்றித் தலையுயர்த்தும் எந்தப் போசுக்கும் அனுமதியின்மை, கருவிகளின் தூய்மை ஆகியவற்றை மாநில அரசுகளின் சுகாதாரத் துறைகள் எளிய விதிகளாக வகுத்துவிட முடியும். ஸ்டூடியோ உதவியாளர்களின் பயிற்சிச் செலவை அவர்களது சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பதும் அதில் சேர வேண்டும். குழந்தையின் தலையைப் பிடித்திருக்கும் அந்த உதவியாளர் பெரும்பாலும் எழுத்துபூர்வ நியமனமோ, ஈஎஸ்ஐ பாதுகாப்போ இல்லாதவர். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி அவர் மீது விழும். படத்தில் அவரது விரல்கூட இருக்காது.

குழந்தையின் படத்துக்கு இருக்கும் வணிக ஆற்றலை இந்தியச் சட்டம் அறியாதது அல்ல. ஒரு காலத்தில் பால்பவுடர் டப்பாக்களின் மேல் கொழுகொழு குழந்தைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பே தாய்ப்பாலைவிட டப்பாப்பால் மேலானது என்று எண்ண வைத்தது. 1981இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற சர்வதேச விதித்தொகுப்பைத் தொடர்ந்து, இந்திய நாடாளுமன்றம் 1992இல் குழந்தைப்பால் மாற்றுப் பொருட்கள், ஊட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் குறித்த சட்டத்தை இயற்றியது. அந்த டப்பாக்களின் மேல் குழந்தையின் படத்தை அச்சிடுவதே அதன்படி குற்றம். 2003இல் செய்த திருத்தம் அதை மேலும் கடுமையாக்கியது. இன்று ஸ்டூடியோ தனது பக்கத்தில் வெளியிடும் பத்து நாள் குழந்தையின் படமும் விளம்பரமே. கட்டணச் சலுகைக்கு ஈடாகப் படத்தைப் பயன்படுத்தும் அனுமதியைப் பெற்றோரிடம் கையெழுத்தாக வாங்குவது இத்தொழிலில் பரவலான வழக்கம். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தைப் பெற்றோருடையதாக அல்ல, குழந்தையின் சொந்த உரிமையாகக் கூறுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ ஒப்புதல் தரும் உரிமையைப் பெற்றோரிடமே விடுகிறது. ஆடையின்றிக் கிடத்தப்பட்ட அந்தக் குழந்தை பதினைந்து வயதில் அந்தப் படத்தை நீக்கச் சொன்னால் யாரிடம் சொல்வது?

அதே பதினான்கு நாட்கள்

பச்சிளங்குழந்தையைத் தேடி வேறொருவரும் அதே நாட்களில் வருகிறார். 2011 முதல் நடைமுறையில் உள்ள இல்லம்சார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும். அவர் பையில் எடைத்தராசும் வெப்பமானியும் உண்டு. குழந்தை பால் குடிக்கிறதா, எடை கூடுகிறதா, உடல் குளிர்ந்திருக்கிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா, கண்ணிலும் தோலிலும் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் குறிக்கிறார். தோலின் மஞ்சள் நிறம் அவருக்கு ஓர் எச்சரிக்கை. அதிகமாக இருந்தால் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். புகைப்படத் திருத்தத்தில் அதே மஞ்சள் ஒரு குறை. தோல் உரிதல், சிவப்புத் திட்டுகள், சிறு பருக்கள் ஆகியவற்றோடு அதுவும் நீக்கப்பட்டு, குழந்தைக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு நிறம் பூசப்படுகிறது.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் சேர்த்து அணைத்துக்கொள்ளவும் ஆஷா கற்றுக்கொடுக்கிறார். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர்கள் போதாத அரசு மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய 'கங்காரு' முறை அது. அதற்கு ஹீட்டர் வேண்டாம், இரைச்சல் கருவி வேண்டாம். தாய்க்கு மணிக்கணக்கில் அமர்ந்திருக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்கப்பட்டது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் ஆதரித்துப் பேசி, 1929இல் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காக நிறைவேறிய மாகாணச் சட்டத்திலிருந்து தொடங்கிய நெடும் பயணத்தின் பெறுபேறு அது. ஆனால் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் குறைந்தது 10 பேர் வேலை செய்ய வேண்டும் என்ற வரம்பு உண்டு. 2020இல் நிறைவேற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த வரம்பை மாற்றவில்லை. வயலில் நாற்று நடும் பெண், செங்கல் சூளைப் பெண், வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காக 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேறு உதவியை உரிமையாக்கியது. ஒன்றிய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயையே தருகிறது. இரண்டாவது குழந்தைக்கு, அது பெண்ணாக இருந்தால் மட்டும், 6,000 ரூபாய். மூன்றாவது குழந்தையைப் பெற்றவள் தாய்க் கணக்கிலேயே வரமாட்டாள் போலும். சட்டம் சொன்ன தொகையையே குறைத்துத் தரும் திட்டத்துக்கு 'தாய் வணக்கம்' என்று பெயர் சூட்டும் துணிச்சல் வியக்கத்தக்கது.

ஒரு ஸ்டூடியோவின் நடுத்தரக் கட்டணமே இந்தத் தொகைகளைத் தாண்டிவிடும் என்பதைச் சொல்லிக் காட்டுவது எளிது. அதனால் படமெடுத்த குடும்பத்தின் மீது கோபம் கொள்வதில் பயனில்லை. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கும், தன் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குச் சமூகம் தந்த விடை ஒரு விலைப்பட்டியல்தான்: மகப்பேற்றுத் தொகுப்பு, படப்பிடிப்புத் தொகுப்பு, வட இந்திய நகரங்களில் 'ஜாப்பா' எனப்படும் நாற்பது நாள் பேறுகாலப் பணிப்பெண். அந்தப் பணிப்பெண் தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வேறொருவர் பிள்ளைக்கு இரவெல்லாம் விழித்திருக்கிறார். வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கையை 2011இல் ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

ஆஷா ஊழியரின் நிலை இன்னும் தெளிவானது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் 24.9 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் குறைப்பதற்காக வீடு வீடாக நடப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் குறையாத ஆஷாக்கள். 2022 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைமைக்கான விருதை வழங்கியபோது ஒன்றிய ஆட்சியாளர்கள் பாராட்டுச் செய்திகளை வெளியிட்டனர். ஆறு முறை ஒரு வீட்டுக்குச் சென்று ஒரு குழந்தையைக் காப்பதற்குத் திட்டம் நிர்ணயித்த ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட வராது. அரசின் பதிவேட்டில் அவர் தொழிலாளர் அல்ல, தன்னார்வலர். ஆகவே அவர் பிரசவித்தால் அவருக்கும் 26 வார விடுப்பு உரிமை இல்லை. ஆஷா உள்ளிட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என மூன்று தரப்பும் அமர்ந்து எடுத்த முடிவு அது. அடுத்தடுத்து வந்த அரசுகள் அதை நிறைவேற்றவில்லை.